திருப்பத்தில் அடிக்கும் மணி

ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனை வைத்த வேகத்தில் என் காது இன்னும் வலிக்கிறது. அதனால் அம்மா போட்ட பழைய சட்டப்படி எழுதுகிறேன். "சண்டை போடணும்னா எழுதிப் போட்டுக்கோங்க, பாதிக் கோபம் பேனாவுலயே காஞ்சிடும்" என்று அவள் சொன்னது நம் இரண்டு பேரை மனதில் வைத்துத்தான். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்காது.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், உன் மகள் என் வகுப்பில்தான் சேர்ந்திருக்கிறாள். நான் கூப்பிடவில்லை. பட்டியலில் பெயரைப் பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "ஏண்டி வாலு, உங்கப்பாகிட்டச் சொல்லிட்டியா?" என்று கேட்டேன். "நீங்க சொல்லிடுங்க மேடம்" என்றாள். கல்லூரியில் மேடம், வீட்டில் அத்தை. அந்தக் கணக்கில் அவள் கறார்.

"நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிட்டுப் பட்டறைக்கு வரப்போற பிள்ளைக்குத் தொழில் பண்றது எப்படின்னு நீ என்ன சொல்லித் தரப்போறே? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்றாய். உதவாது. அதை நானே துறைத்தலைவரிடம் கத்தியிருக்கிறேன். நான் வருவதற்கு முன் அது ஒரு பரீட்சைப் பாடம். தொழில்முனைவோருக்கு இருக்க வேண்டிய பத்துக் குணங்கள் யாவை என்று ஒரு கேள்வி வரும். பத்தையும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, அடுத்த நாளே பத்தையும் மறந்துவிட்டு வேலை தேடப் போவார்கள்.

இப்போது புத்தகமும் இல்லை, பரீட்சையும் இல்லை. நான்கு பேர் ஒரு குழு. வெளியே போய் யாராவது ஒருவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். அவருக்கு எது கஷ்டம் என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு பொருளை வடிவமைத்து, தங்கள் கையாலேயே செய்து, அவர் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். விளக்கக் கூடாது, கெஞ்சக் கூடாது, இன்னாருடைய பிள்ளை என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது. பொருளை வை, வாயை மூடு. வகுப்பின் ஒரே சட்டம் அதுதான். நீங்கள் அங்கே இல்லாத நாளிலும் அவர் அதை எடுத்துப் பயன்படுத்தினால், நீங்கள் ஒரு தொழிலைத் தொடங்கத் தெரிந்தவர்கள்.

துறைத்தலைவருக்கு இது விளையாட்டாகத் தெரிகிறது. இந்தப் பருவம் முடிவதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவது ஓர் இடத்துக்குப் போய்ப் பார்க்கப்போகிறாராம். பொருள் ஓடிக்கொண்டிருந்தால் பாடம் இருக்கும். மூலையில் கிடந்தால் மறுபடியும் பத்துக் குணங்கள்தான். நான் கட்டிய வீடு தம்பி இது. அதை என் கண் முன்னால் இடிக்க விடமாட்டேன்.

வாலுவின் குழு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட கஷ்டம், வார்டு வார்டாகச் சாப்பாடு கொண்டுபோகும் தள்ளுவண்டியின் சத்தம். விடியற்காலையில் அது வந்தால், வலியோடு புரண்டு அப்போதுதான் கண் அயர்ந்த நோயாளி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு பழைய வண்டியைக் கொடுத்து, என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வண்டியின் பக்கவாட்டில் ஒரு தகடு இருக்கிறது. யார் பட்டறை என்று அதில் போட்டிருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது உன் மகள் அந்தத் தகட்டின் மேல் கையை ஊன்றி, மறைத்துக்கொண்டு நின்றாள்.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

என் வண்டிக்கு என்ன குறை? முப்பது வருஷமாக ஓடுகிற வண்டி. ஒரு பற்றவைப்பு விட்டுப்போனதில்லை. வெல்டர் அண்ணனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "சத்தம் போடாம இருக்க அது என்ன பூனையா?" என்றார்.

சரி, கேள். உன் மருமகள் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே நான் சத்தமில்லாத வண்டி செய்துவிட்டேன். ரப்பர் சக்கரம், உள்ளே நல்ல பேரிங். ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தேன். ஆகா ஓகோ என்றார்கள். ஒரே வாரம்தான். திருப்பத்தில் வண்டி வருவது யாருக்கும் தெரியவில்லை. எதிரே வந்த நர்ஸின் காலில் ஏறி, அவர் கையிலிருந்த மருந்துத் தட்டு பறந்தது. போதாக்குறைக்கு நோயாளிகள், சாப்பாடு வந்ததே தெரியவில்லை, ஆறிப்போய்விட்டது என்று புகார். அந்தச் சத்தம்தான் அக்கா அங்கே ஹாரன், அதுதான் சாப்பாட்டு மணி. நான் மறுபடியும் பழைய கெட்டி இரும்புச் சக்கரத்தையே மாட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு புகாரும் இல்லை.

இப்போது இந்த நான்கு பேரும் அதே ரப்பர் சக்கரத்தைத்தான் மாட்டப் போகிறார்கள். என்னால் எழுதிக் கொடுக்க முடியும். மாதக் கடைசியில் அவள் வீட்டுக்கு வருகிறாள். உட்காரவைத்து ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஒரு பருவத்து உழைப்பு மிச்சம். உன் துறைத்தலைவரும் வாயடைத்துப் போவார். இதற்கு ஒரு வகுப்பு, ஒரு சட்டம், ஒரு மேடம்!

அவள் தகட்டை மறைத்தாள் என்று எழுதினாயே, அதை ஏன் எழுதினாய்? அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

தம்பி

*

ஆகஸ்ட் 16

தம்பி,

சொல்லாதே. உனக்குப் புண்ணியமாகப் போகும், சொல்லாதே.

நீ சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள். அதுதான் எனக்குப் பயம். உன் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. "அப்பா சொல்லிட்டார், வண்டின்னா சத்தம் போடத்தான் செய்யும்" என்று அங்கேயே நிறுத்திவிடுவாள். குழுவும் இதை விட்டுவிட்டு வேறு கஷ்டத்தைத் தேடிப் போய்விடும். உனக்கு இதை யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. மருந்துத் தட்டு உன் கண் முன்னால் பறந்தது. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் ஒரு வரி விடாமல் சொல்கிறாய்.

யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தலைமை நர்ஸிடம் பேசிவிட்டேன். முதலில் காலிப் பாத்திரங்களோடுதான் ஓடும், சூடாக எதுவும் ஏறாது, வேகமாகத் தள்ளக் கூடாது. மற்றபடி அவர்கள் விழ வேண்டிய பள்ளத்தில் அவர்களே விழட்டும்.

ஒன்றுக்கு மட்டும் உன்னை மன்னிக்க மாட்டேன். எனக்கு இது தெரியாது. நிம்மதியாக இருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. தினமும் அவர்கள் ரப்பர் சக்கரத்தின் படத்தைக் காட்டி "எப்படி மேடம்?" என்று கேட்கும்போது, வாயில் கொழுக்கட்டை வைத்தவளைப் போல நிற்கிறேன். வாத்தியார் வேலையில் பேசுவதற்குத்தான் சம்பளம் என்று நினைத்திருந்தேன்.

அக்கா

*

செப்டம்பர் 6

அக்காவுக்கு,

வந்தாள், போய்விட்டாள். நான் சொல்லவில்லை. எனக்கு ஒரு மெடல் அனுப்பு.

வந்ததும் வராததுமாகப் பட்டறைக்குள் நுழைந்தாள். பழைய சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்து எடை பார்த்தாள். வெல்டர் அண்ணனிடம் பேரிங் எப்படி உட்காருகிறது என்று கேட்டாள். சின்ன வயதில் மிட்டாய் வாங்கிக் கொடு என்று அவர் தோளில் தொங்கியவள், இப்போது அவருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சமமாகக் கேள்வி கேட்கிறாள். அவரும் வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறார். நான் கூப்பிட்டால் அவர் நிறுத்துவதில்லை.

சாப்பிடும்போது ஆரம்பித்தாள். "அப்பா, நீங்க ஏம்ப்பா ரப்பர் சக்கரம் போடல? விலை அதிகமா? தேஞ்சிடுமா?" நான் சோற்றை வாயில் அடைத்துக்கொண்டேன். அவள் விடவில்லை. மறுபடியும் அடைத்துக்கொண்டேன். உன் தம்பி பெண்டாட்டி, எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள். கடைசியில் "அப்பல்லாம் தோணல" என்றேன். என் வாழ்க்கையில் என்னை நானே முட்டாள் என்று சொல்லிக்கொண்டது அப்போதுதான். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு, அப்பாவை ஜெயித்துவிட்ட சிரிப்பு. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வயிறு எரிந்தது. பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று உன் பாடத்தில் இருந்தால் எழுது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் மறைக்க முடியாது. அவள் இதில் தோற்றால் பேசாமல் பட்டறைக்கு வந்துவிடுவாள் என்று என் மனதின் ஒரு மூலை சொல்கிறது. அந்த மூலையைச் செருப்பால் அடிக்க வேண்டும். அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவள் அழுதால் நீதான் பொறுப்பு.

தம்பி

*

அக்டோபர் 20

தம்பி,

நடந்துவிட்டது.

வண்டியை அவர்கள் அருமையாகச் செய்திருந்தார்கள், அதை முதலில் சொல்ல வேண்டும். தட்டுகள் உரசாமல் இருக்க உள்ளே மெத்தைப் பட்டை, கதவுக்கு ரப்பர் ஓரம், நான்கு சக்கரமும் புதிது. குழுவில் 'அமைதி' என்று ஒருவன் இருக்கிறான். வாயை மூடியதே இல்லை என்பதால் வந்த பெயர். வண்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வாயை மூட வேண்டும் என்பதால், அன்று அவனை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டார்கள். வண்டி தள்ளும் அம்மா ஒரு சுற்றுப் பார்த்தார், தள்ளினார், "எங்க சத்தத்தையே காணோம்?" என்றார். நான்கு பேரும் பறந்தார்கள்.

மூன்றாம் நாள் நீ எழுதியது அப்படியே நடந்தது. திருப்பத்தில் ஒரு டாக்டர், கை நிறைய ஃபைல். யாருக்கும் அடியில்லை. ஆனால் காலிப் பாத்திரங்கள் உருண்டு போட்ட சத்தம் இருக்கிறதே, உன் பழைய வண்டி முப்பது வருஷத்தில் போட்டிருக்காது. அந்த அம்மா பாத்திரங்களைப் பொறுக்கி எடுத்தார். புது வண்டியைச் சாமான் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, பழைய வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பொருள் மூலைக்குப் போய்விட்டது. இந்த நிலையில் துறைத்தலைவர் வந்தால் கதை முடிந்தது.

வண்டியில் கை வைப்பதற்கு முன் மூன்று வாரம் வார்டு வார்டாக அலைந்து கேட்டார்கள், கருவி வைத்துச் சத்தத்தை அளந்தார்கள், வரைபடம் போட்டார்கள். இந்தச் சத்தம் யாருக்குத் தொந்தரவு என்று எல்லாரிடமும் கேட்டவர்கள், யாருக்கு உபயோகம் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

அன்று சாயங்காலம் வாலு என் அறைக்கு வந்தாள்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "அவன்தான் எனக்குச் சொன்னான்" என்றேன்.

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "சாப்பிடும்போது நான் கேட்டேனே. பக்கத்துல உக்காந்துதானே கேட்டேன்" என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். "கொஞ்சம் தண்ணி குடுங்க மேடம்" என்றாள். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மேடம்.

அக்கா

*

அக்டோபர் 25

அக்கா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். அவள் அம்மாவிடம் பேசுகிறாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் தம்பி பெண்டாட்டியும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "பெத்த பொண்ணு பள்ளத்துல விழறதைச் சோறு தின்னுக்கிட்டே பாத்திருக்கீங்களே" என்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? என் அக்காவைக் கேள் என்றா?

நீ பொய் சொல்லியிருக்க வேண்டும். என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாய்.

போகட்டும். இத்தோடு ஒரு பெட்டி வருகிறது. உள்ளே கெட்டிச் சக்கரம், ஒரு வண்டிக்குத் தேவையான அத்தனையும் இருக்கிறது. மாட்டச் சொல். மற்ற வேலையெல்லாம் நன்றாகத்தானே செய்திருக்கிறார்கள், அது அப்படியே இருக்கட்டும். சக்கரம் மட்டும் பழையபடி. அந்த அம்மா எடுத்துத் தள்ளுவார், துறைத்தலைவர் வந்து பார்ப்பார், உன் பாடம் பிழைக்கும். நீ கட்டிய வீடு என்று எழுதினாயே. இடியக் கூடாது.

தம்பி

*

நவம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு,

இதை நான் நின்றுகொண்டுதான் எழுத வேண்டும். உட்கார முடியவில்லை, அவ்வளவு பெருமையாக இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மாட்டினால் பாடம் பிழைக்கும், அது எனக்கு நன்றாகத் தெரியும். பெட்டியை மறைக்கவும் மனம் வரவில்லை, மாட்டு என்று சொல்லவும் மனம் வரவில்லை. கடைசியில் என் சட்டத்தை நானே பின்பற்றினேன். அவர்கள் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

குழுவில் கணக்குப் போடுகிறவன், "இதை மாட்டினா பாஸ். மேடம் பாடமும் தப்பிச்சிடும்" என்றான். நல்ல பிள்ளை, என் மேல் அக்கறை. இன்னொருவன், நெட்டையன், ஸ்பேனரையே எடுத்துவிட்டான். வாலு ஒரு சக்கரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது யாருடைய கைவேலை என்று அவளுக்குத் தெரியாதா? அப்புறம் சொன்னாள்:

"இதைப் போட்டா இது எங்கப்பா வண்டி. எங்கப்பா வண்டிதான் ஏற்கனவே ஓடுதே. அப்புறம் நாம எதுக்கு?"

மற்ற மூன்று பேருக்கும் அப்போதுதான் அந்தத் தகடு யாருடையது என்று தெரிந்தது. அமைதிகூடச் சிறிது நேரம் அமைதியாக இருந்தான்.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இந்தத் தடவை கருவி இல்லை, கேள்வியும் இல்லை. தாழ்வாரத்தில் சும்மா உட்கார்ந்து உன் பழைய வண்டியின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு யார் எங்கே தலையைத் திருப்புகிறார்கள் என்று மட்டும் பார்த்தார்கள். நேரான தாழ்வாரத்தில் ஒருவரும் திருப்புவதில்லை, அங்கே அது வெறும் இரைச்சல். மூலையில் திருப்புகிறார்கள். லிஃப்ட் பக்கம் திரும்பும்போது, வார்டு வாசலில் திரும்பும்போது, சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர் எழுந்து தலையணையைச் சரிசெய்கிறார். வாலுதான் முதலில் பிடித்தாள். "சத்தம் வேண்டிய இடமெல்லாம் வண்டி திரும்பற இடம்!"

புரிகிறதா தம்பி? முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, வண்டி நேராகப் போகும்போது அசைவதில்லை, திரும்பும்போதுதான் சுழல்கிறது. அந்தக் கவையில் ஒரு சின்ன நாக்கு, அதற்கு மேலே வண்டிச் சட்டத்தில் ஒரு சைக்கிள் மணிக் கிண்ணம். நேராகப் போனால் ரப்பர் சக்கரம், சத்தமே இல்லை. திரும்பினால் டிங். மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை, ஒன்றும் இல்லை. அதைக் கேட்டபோது என் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் கற்றுக்கொடுத்ததற்கு இது போதும் என்று தோன்றியது.

முந்தாநாள் கொண்டுபோய் வைத்தார்கள், வாயை மூடினார்கள். வண்டி தள்ளும் அம்மா நம்பாமல்தான் வந்தார், அவர் மேல் தப்பில்லை. இரண்டு மூலை தாண்டினார். மூன்றாவது மூலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே கைப்பிடியை லேசாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினார். டிங் டிங். திரும்புவதற்கு முன்பே மணி! கை எடுக்க வேண்டியதில்லை. "அட, இது என் பேச்சைக் கேக்குதே" என்றார். இதை அவர்கள் வடிவமைக்கவே இல்லை தம்பி. அந்த அம்மா அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார். வகுப்பில் நான் நூறு தடவை சொன்னாலும் புரியாதது, நான்கு பேருக்கும் அந்த ஒரு டிங்கில் புரிந்துவிட்டது.

வெளியே வரும்போது வாலு என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "பசிக்குது அத்தை" என்றாள்.

துறைத்தலைவர் இன்னும் வரவில்லை. வரட்டும்.

உன் அக்கா

*

நவம்பர் 26

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்துவிட்டு, சட்டைப் பையில் வைக்காமல் வெல்டர் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் மெதுவாகத்தான் படிப்பார். "கவையில நாக்கு" என்ற இடத்துக்கு வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். எங்கே என்று பார்த்தால், தன் சைக்கிள் மணியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

மதியத்துக்குள் ஒன்று செய்துவிட்டோம். பட்டறையைச் சுற்றித் தள்ளினேன். கடைசல் எந்திரத்துக்குப் பக்கத்தில் திரும்பினேன். அடித்தது. அக்கா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் வண்டி முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. அன்று ஒரே ஒரு வார்த்தை, அதுவும் வேண்டிய இடத்தில். அந்தக் காலத்தில் என்னிடம் ரப்பர் சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், நான் கெட்டிச் சக்கரத்தை மாட்டினேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அவளிடமும் திருப்பிக் கொடுத்தார்கள். அவளுக்கு என் சக்கரம் பெட்டியோடு கையில் வந்தது, அவள் மாட்டவில்லை. எனக்கும் அவளுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். அது சின்ன வித்தியாசம் இல்லை. என் மகள் என்னைவிட ஒரு படி மேலே நிற்கிறாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறேன், பார்த்தவர்கள் என்ன விசேஷம் என்று கேட்கிறார்கள்.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. வண்டியைத் தினமும் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். அந்த மணி துருப்பிடித்துவிடும், கொஞ்ச நாளில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.

அவளிடம் சொல்லாதே. அவளே கண்டுபிடிக்கட்டும்.

நீ சிரிக்கிறாய் என்று தெரியும். சிரி.

இன்னும் என்னோடு பேசவில்லை. அவள் அம்மாவிடம் பேசும்போது போனை நடுவில் வைத்துச் சத்தமாகப் போடுகிறாள் உன் தம்பி பெண்டாட்டி. நான் இருப்பது அங்கே தெரியாமல் இருக்க, தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்கிறேன்.

தம்பி

*

டிசம்பர் 12

தம்பி,

துறைத்தலைவர் வந்தார்.

யாருக்கும் சொல்லவில்லை. நான் அங்கே இல்லை, குழுவில் ஒருவரும் இல்லை. தலைமை நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில் தனியாக வந்து தாழ்வாரத்தின் மூலையில் நின்றிருக்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குறை கண்டுபிடிக்கிற நிற்பு, அதை நான் நேரில் பார்க்காமலே வரைந்து காட்டுவேன். பையிலிருந்து காகிதத்தை எடுத்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாராம். மூலைக்கு அந்தப் பக்கம் டிங் டிங் என்றது. அவர் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். அந்த அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு அவரைத் தாண்டி வார்டுக்குள் போய்விட்டார்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நர்ஸிடம் போய்க் கேட்டிருக்கிறார். "எங்க காலேஜ் பசங்க ஏதோ வண்டி பண்ணாங்களாமே. இப்ப உபயோகத்துல இருக்கா? எங்க இருக்கு?"

"இப்பதான் சார் உங்களைத் தாண்டிப் போச்சு. நீங்ககூட ஒதுங்கி வழி விட்டீங்களே" என்றாராம் நர்ஸ்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். நான் சண்டைக்குத் தயாராக நாலு பாயிண்ட் எழுதிக்கொண்டு போனேன். "உங்க பாடம் இருக்கட்டும்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கதவுப் பக்கம் வந்தபோது, "அடுத்த வருஷம் எத்தனை குழு எடுத்துப்பீங்க?" என்றார். வீடு நிற்கிறது தம்பி. மாடி கட்டச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. வண்டியில் குழுவின் பெயர் போட்டு ஒரு தகடு அடிக்க வேண்டும் என்று அமைதி ஒற்றைக்காலில் நின்றான். பழைய தகட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போடலாம் என்றான் நெட்டையன். வாலு ஸ்க்ரூடிரைவரை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். இப்போது உன் தகடு மேலே இருக்கிறது, அவர்களுடையது அதற்குக் கீழே. இந்தத் தடவை கையை வைத்து மறைக்கவில்லை. துடைத்தாள்.

விடுமுறைக்கு வருகிறாள். என்ன நினைப்பில் வருகிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன், உனக்குத்தான் தெரியுமே.

அக்கா

*

டிசம்பர் 22

அக்காவுக்கு,

வந்தாள். வீட்டுக்கு வரவில்லை, நேராகப் பட்டறைக்கு. அதுவும் உள்ளே வரவில்லை. ஆர்டர் பேச வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலி இருக்கிறதே வாசல் பக்கம், அதில் போய் உட்கார்ந்தாள். பின்னாலேயே மற்ற மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். நான் எண்ணெய்க் கையோடு எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தேன். என் மகள் முன்னால் எனக்கு இருந்த படபடப்பு, பெரிய பெரிய ஆஸ்பத்திரி மேனேஜர் முன்னால்கூட இருந்ததில்லை.

பையிலிருந்து கவையும் மணியும் பொருத்திய ஒரு சக்கரத்தை எடுத்தாள். மேசையில் வைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு வார்த்தை இல்லை அக்கா. பின்னால் ஒருவன் நெளிந்துகொண்டே இருந்தான், அவன்தான் நீ எழுதிய அந்த 'அமைதி'யாக இருக்க வேண்டும். நான் சக்கரத்தை எடுத்தேன். கவையைத் திருப்பினேன், அடித்தது. மணியைப் பார்த்தேன். துருப்பிடிக்காத எஃகு. தண்ணீர் தங்காமல் இருக்கக் கீழே ஒரு துளை, மேலே ஒரு மூடி. அவளே கண்டுபிடித்துவிட்டாள். நான் தலையைக் குனிந்து அந்தத் துளையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால் வெல்டர் அண்ணன் என் கண்ணைப் பார்த்துவிடுவார்.

"இனிமே நம்ம பட்டறையில இருந்து போற வண்டிக்கெல்லாம் இதுதான்" என்றேன். "எத்தனை குடுப்பீங்க?" என்று பன்மையில் கேட்டேன். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஆஸ்பத்திரியும் மீதி வண்டிகளை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறதாம். நான்கு பேரும் சேர்ந்து தனியாகவே தொழில் தொடங்கப் போகிறார்கள். அவள் பட்டறைக்கு வரமாட்டாள் அக்கா. பட்டறைதான் அவளிடம் வாங்கப்போகிறது. அந்தப் பழைய மூலையைத் தேடிப் பார்த்தேன், மனதில் எங்கும் காணோம்.

எல்லாரும் டீ குடிக்கப் போனபிறகு அவளும் நானும் மட்டும் இருந்தோம். அவள் சக்கரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கோபமா?" என்றேன்.

"இருந்துச்சு" என்றாள். "அன்னைக்குச் சாப்பிடும்போது நீங்க சொல்லியிருந்தீங்கன்னா, நான் கேட்டுக்கிட்டு அங்கேயே நிறுத்தியிருப்பேன்ப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். சட்டையெல்லாம் எண்ணெய் என்றேன், பரவாயில்லை என்றாள்.

இப்போது பட்டறையில் ஒரே மணிச் சத்தம். மாதிரி வண்டியை வெல்டர் அண்ணன் வேண்டுமென்றே வளைத்து வளைத்துத் தள்ளுகிறார், அடிக்க வேண்டிய இடத்திலும் அடிக்கிறார், வேண்டாத இடத்திலும் அடிக்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. எனக்குத்தான் வாயை மூடப் பழகிவிட்டதே.

உன் தம்பி